மார்ஷ் என்னும் பெயரும் நம் பதிவேடும்

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாற்றின் வழியே வால்பாறைக்குச் செல்லும் மலைப்பாதை நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை உடையது. ஒன்பதாம் வளைவில் 'லோம்ஸ் வியூ' என்று ஒரு காட்சிமுனை உண்டு. பாதையை அமைத்த லோம் என்னும் பொறியியலாளரின் பெயரால் அது வழங்குகிறது. அங்கு நின்று திரும்பிப் பார்த்தால் ஆழியாறு அணையின் நீர்ப்பரப்பு வெள்ளித் தாம்பாளம் போலத் தோன்றும். இன்னும் ஏறி, குளிர் காற்று முகத்தில் படும் மேட்டு நிலத்தை அடைந்தால், கவர்க்கல் அருகே சாலையோரத்தில் ஓர் ஆங்கிலேயரின் சிலையைக் காணலாம். அவர் பெயர் கார்வர் மார்ஷ். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆனைமலைக் காடுகளில் தோட்டப் பயிரை நிலைபெறச் செய்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுபவர். ஆனைமலைத் தோட்டங்களின் தந்தை என்றும் அவரைக் குறிப்பிடுவதுண்டு.

நமது சங்கத்து அங்கத்தினர் பலர் இப்பாதையில் போய் வருபவர்கள். துணிமூட்டையுடன் வால்பாறைச் சந்தைக்குச் செல்வோரும், அங்கே தோட்டங்களில் உறவினரை உடையோரும் இருக்கின்றனர். அவர்கள் அனைவரும் 'மார்ஷ் துரை சிலை' என்று சொல்வர். ஆனால் மார்ஷ் என்றால் என்ன என்று கேட்டால், 'அது துரையின் பெயர்' என்பதோடு விடை நின்றுவிடும். பெயருக்கும் பொருள் உண்டு அன்றோ? அப்பொருளைத் தேடிப் புறப்பட்டால் அது நம்மை நெசவுத் தறிக்கும், உழவர் நிலத்திற்கும், இறுதியில் நமது சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டுக்குமே கொண்டுவந்து சேர்க்கிறது. ஆகவே அதனை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

பள்ளக்காட்டாரும் மார்ஷும்

'மார்ஷ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குச் சதுப்பு நிலம் என்பது பொருள். நீர் தேங்கி, கோரை முளைத்து, கால் வைத்தால் புதையும் தாழ்ந்த நிலம் அது. பழைய ஆங்கிலத்தில் 'மெர்ஷ்' என்று ஒலித்த சொல்லே இன்று இவ்வடிவில் வழங்குகிறது. அத்தகைய நிலத்தின் அருகே குடியிருந்த ஒருவரை அயலார் அந்நிலத்தால் அடையாளம் சொல்ல, அது அவர் குடும்பத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

கொங்கு நாட்டில் பிறந்தோருக்கு இது புதுமையன்று. ஓர் ஊரில் நான்கு பழனிச்சாமிகள் இருந்தால் நாம் எப்படிப் பிரித்துச் சொல்கிறோம்? 'மேட்டுத் தோட்டத்துப் பழனிச்சாமி', 'பள்ளக்காட்டார் வீட்டுப் பழனிச்சாமி', 'கிணற்றடித் தோட்டத்தார் மகன்' என்கிறோம். இங்கிலாந்தில் பள்ளக்காட்டார் என்பதே மார்ஷ் ஆயிற்று. மேட்டுக்காட்டார் என்பது 'ஹில்' ஆயிற்று. ஓடைக்கரையார் என்பது 'புரூக்ஸ்' ஆயிற்று. வேறுபாடு ஒன்றுதான். நம்மிடம் அந்த அடையாளம் பேச்சோடு நின்றது. அவர்களிடம் அது எழுத்தில் ஏறி, தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டது.

எழுத்தில் ஏறியது எவ்வாறு என்பதே அறிய வேண்டிய செய்தி. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதற்கு முன்பு பெரும்பாலோர்க்கு ஒரே பெயர்தான். வெற்றிக்குப் பின் ஜான், வில்லியம், ராபர்ட் போன்ற சில பெயர்களே நாடெங்கும் பரவின. ஒரே ஊரில் பத்து ஜான்கள் இருந்தால் எந்த ஜான் வரி கட்டினான், எந்த ஜான் கட்டவில்லை என்று கணக்கெழுதுவோர்க்குத் தெரிய வேண்டுமே! ஆகவே ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஓர் அடையாளத்தைக் குறித்தனர். 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் அந்நாட்டில் தலைவரி விதிக்கப்பட்டபோது எழுதப்பட்ட பட்டியல்களில் இத்தகைய அடையாளங்கள் ஆயிரக்கணக்கில் காணப்படுகின்றன. ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில் இங்கிலாந்து மக்களுள் பெரும்பாலோர்க்குத் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் குடும்பப்பெயர் அமைந்துவிட்டது. 1538 முதல் தேவாலயங்களில் பிறப்பு, மணம், இறப்புப் பதிவேடுகள் வைக்கப்பட்டபின் அது இன்னும் உறுதியாயிற்று.

அவ்வாறு தோன்றிய பெயர்களை அறிஞர் நால்வகையாகப் பிரிப்பர். மார்ஷ், ஹில் போன்று இடத்தால் வந்தவை ஒரு வகை. கொல்லனாகிய 'ஸ்மித்', தையற்காரனாகிய 'டெய்லர்' போன்று தொழிலால் வந்தவை மற்றொரு வகை. ஜானின் மகன் 'ஜான்சன்' என்பது போலத் தந்தையால் வந்தவை மூன்றாம் வகை. குட்டையன் என்னும் பொருளுள்ள 'ஷார்ட்', மாநிறத்தான் என்னும் பொருளுள்ள 'பிரவுன்' போன்று உருவத்தாலும் இயல்பாலும் வந்தவை நான்காம் வகை.

நமது மலையிலுள்ள சிலைக்குரியவர் பெயரின் முற்பகுதியும் ஒரு குடும்பப்பெயராக வழங்குவதே. 'கார்வர்' என்பதற்கு இரு மூலங்கள் கூறப்படுகின்றன. மரத்திலும் கல்லிலும் செதுக்கு வேலை செய்பவன் என்பது ஒன்று. நார்மானியர் பேசிய பிரெஞ்சு மொழியில் உழவனைக் குறித்த சொல்லின் திரிபு என்பது மற்றொன்று. இரண்டாவது பொருளைக் கொண்டால் கார்வர் மார்ஷ் என்பது 'பள்ளக்காட்டு உழவர்' ஆகிவிடும். சரிவான மலைகளில் காப்பியும் தேயிலையும் நட்டவர்க்குத் தாழ்ந்த சதுப்பு நிலத்தின் பெயர்! ஆயினும் வால்பாறையில் அப்பெயர் முற்றும் பொருந்தாதது என்று சொல்லிவிட முடியாது. தேயிலைக் குன்றுகளின் இடையே நீர் கசிந்து நிற்கும் சேற்றுப் பள்ளங்களை அங்கே சென்றோர் கண்டிருப்பர். வால்பாறைத் தோட்டங்களுள் 'ஸ்டான்மோர்' என்று ஒன்று உண்டு. இங்கிலாந்து ஊர் ஒன்றின் பெயரும் அதுவே. கல் நிறைந்த குளம் என்பது அதன் பழம்பொருள். நம்மவர் வாயில் அது கற்குளம் என்றே ஆகியிருக்கும்.

மிதித்தவர் பெயர் வாக்கர்

இனி நெசவாளர் பக்கம் திரும்புவோம். ஆங்கிலேயரிடையே மிகப் பரவலாக வழங்கும் குடும்பப்பெயர்களுள் 'வாக்கர்' ஒன்று. நடப்பவன் என்று அதற்கு நாம் பொருள் கொள்வோம். உண்மையில் அவன் ஊர் சுற்ற நடந்தவன் அல்லன், துணியின்மேல் நடந்தவன்.

குளிர் நாடாகிய இங்கிலாந்தில் பஞ்சுத் துணிக்கு முன்பு ஆட்டு மயிரில் நெய்த கம்பளித் துணியே முதன்மையானது. தறியிலிருந்து அறுத்தெடுத்த கம்பளித் துணி அப்படியே உடுத்தத் தகுதியற்றது. அதில் ஆட்டு மயிரின் பிசுக்கு இருக்கும். இழைகளுக்கிடையே சந்து இருக்கும். ஆகவே அதைத் தொட்டியில் இட்டு, நீரும் பிசுக்கை உறிஞ்சும் ஒருவகைக் களிமண்ணும் சேர்த்து, மணிக்கணக்காகக் காலால் மிதிப்பர். மிதிக்க மிதிக்க மயிரிழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கும். துணி தடித்து, காற்றும் மழையும் எளிதில் புகாதபடி இறுகும். இவ்வேலை செய்தவர்க்கு வட இங்கிலாந்தில் 'வாக்கர்' என்றும், தென்கிழக்கில் 'ஃபுல்லர்' என்றும், தென்மேற்கில் 'டக்கர்' என்றும் பெயர். ஆகவே ஒருவருடைய குடும்பப்பெயரைக் கேட்டாலே அவருடைய முன்னோர் நாட்டின் எப்பகுதியில் துணி மிதித்தனர் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். 12ஆம் நூற்றாண்டிலேயே நீராற்றலால் இயங்கும் மரச் சம்மட்டிகள் அவ்வேலைக்கு வந்துவிட்டன. மிதிப்பது அருகியது, பெயர் மட்டும் இன்றளவும் நடக்கிறது.

நெய்பவனுக்கும் பெயர்கள் பல. 'வெப்' என்பதும், 'வெப்பர்' என்பதும், 'வெப்ஸ்டர்' என்பதும் நெசவாளரையே குறிப்பன. சாயம் போடுபவர் தெற்கே 'டையர்', வடக்கே 'லிஸ்டர்'. துணியின் மேற்பரப்பில் எழும் மயிரைக் கத்தரித்துச் சமன் செய்தவர் 'ஷெர்மன்'. ஒரு துணி ஆடாகி இருந்த நாளிலிருந்து ஆடையாகும் நாள் வரையில் எத்தனை கைகளைக் கடந்ததோ, அத்தனை கைகளும் ஆங்கிலப் பெயர்ப்பட்டியலில் பதிந்து கிடக்கின்றன.

இவற்றுள் 'வெப்ஸ்டர்' என்னும் பெயரை நம் அங்கத்தினர்கள், குறிப்பாகப் பெண்கள், நினைவில் வைத்தல் நலம். அதன் ஈற்றிலுள்ள 'ஸ்டர்' பழைய ஆங்கிலத்தில் பெண்பால் விகுதி. அதாவது முதலில் வெப்ஸ்டர் என்றால் நெய்கின்ற பெண். நாளடைவில் ஆண்களும் அப்பெயரால் அழைக்கப்பட்டனர். பின்னர் அது தந்தை வழியாக இறங்கும் குடும்பப்பெயராகிவிடவே, தொடக்கத்தில் தறியில் அமர்ந்த பெண்ணை எவரும் நினைப்பதில்லை. தார் சுற்றுவது, இழை பிணைப்பது, பாவுக்கு உதவுவது என்று பாதி நெசவைப் பெண்கள் செய்யும் நம் வீடுகளில் இதைப்பற்றி எண்ணிப் பார்க்க இடமுண்டு. அதற்குப் பின்னர் வருவோம்.

பெயர் நின்றது, தறி நின்றதா?

குடும்பப்பெயர் ஒருமுறை உறைந்துவிட்டால் மகன் வேறு தொழிலுக்குப் போனாலும் அது மாறுவதில்லை. நெசவின் வரலாற்றிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உள்ளன. நீராற்றலால் நூல் நூற்கும் பொறிக்கு 1769இல் உரிமை பெற்றவர் ரிச்சர்ட் ஆர்க்ரைட். 'ஆர்க்ரைட்' என்றால் பெட்டி செய்பவன். அவரோ முடி திருத்தி, பொய்முடி செய்து விற்றவர். 1785இல் விசைத்தறிக்கு உரிமை பெற்றவர் எட்மண்ட் கார்ட்ரைட். 'கார்ட்ரைட்' என்றால் வண்டி செய்யும் தச்சன். அவரோ பாதிரியார். பெட்டிக்காரர் என்னும் பெயருடைய முடிதிருத்துநரும், வண்டித்தச்சர் என்னும் பெயருடைய பாதிரியாரும் சேர்ந்து நூற்போர், நெய்வோர் ஆகிய இருவர் பிழைப்பையும் தலைகீழாக்கிவிட்டனர்.

விளைவு என்ன? 1820ஆம் ஆண்டையொட்டி பிரிட்டனில் பஞ்சுத் துணி நெய்த கைத்தறியாளர் ஏறத்தாழ 2,40,000 பேர் என்று பொருளாதார வரலாற்றாசிரியர் மதிப்பிடுகின்றனர். 1850இல் அத்தொகை ஏறத்தாழ 43,000 ஆகச் சுருங்கிவிட்டது. முப்பதே ஆண்டுகள்! வெப்புகளும் வெப்ஸ்டர்களும் இன்றும் அந்நாட்டில் எண்ணற்றோர் உளர். அவர்களில் தறியைத் தொட்டவர் மிகச் சிலரே. முன்னோர் தொழில் பெயரில் புதைந்து கிடக்கிறது; கையில் இல்லை.

அந்த நெருக்கடியின் நடுவேதான் நமது இயக்கத்தின் விதை விழுந்தது. லங்காஷயரில் ராக்டேல் என்பது கம்பளி நெசவாளர் நிறைந்த ஊர். அங்கே 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் வீதம் சேர்த்து, 1844 டிசம்பர் 21ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி என்பவையே முதற்சரக்கு. அம்முன்னோடிகளின் பெயர்களைப் பார்த்தால் நாம் இதுவரை பேசிய அனைத்தும் அங்கே இருக்கின்றன. ஸ்மித் உண்டு, டெய்லர் உண்டு, ஹில் உண்டு, புரூக்ஸ் உண்டு, கரி எடுப்பவன் என்னும் பொருளுள்ள 'காலியர்' உண்டு. சங்கத்தின் முதற்காசாளர் பெயர் வில்லியம் கூப்பர். 'கூப்பர்' என்றால் மரப்பீப்பாய் செய்பவன். அவரோ நெசவாளர்.

ராக்டேல் சங்கத்தில் எவரும் கூப்பரைப் பார்த்து, 'உம் பாட்டனார் பீப்பாய் செய்தவரா?' என்று கேட்கவில்லை. பங்குத்தொகை கட்டினாரா, பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்பதே கேள்வி. பங்கு எத்தனையானாலும் ஓர் அங்கத்தினருக்கு ஒரே வாக்கு என்னும் நெறியை அச்சங்கம் கைக்கொண்டது. பெண்களையும் அங்கத்தினராக ஏற்றது. வரி தண்டுவோன் எழுதிய பெயர் ஒருவர் கடமையை மட்டும் சொல்லிற்று. தாமே வைத்த பதிவேட்டில் எழுதிய பெயர் அவர் உரிமையைச் சொல்லிற்று. இவ்வேற்றுமையை மனத்திற்கொண்டு நம் நாட்டு வழக்கத்தைப் பார்ப்போம்.

நம்மவர் பெயர்கள்

இடத்தாலும் தொழிலாலும் ஒருவரை அடையாளம் சொல்லும் வழக்கம் தமிழர்க்கு ஆங்கிலேயரினும் மிகப் பழமையானது. சங்கப் புலவர் பெயர்களைப் பாருங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பவர் ஒருவர். அறுவை என்பது துணி. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் மற்றொருவர். கூலம் என்பது தானியம். தங்கால் பொற்கொல்லனார் இன்னொருவர். ஊரும் தொழிலும் பெயரும் ஒரே வரிசையில் அமைந்து, இவர் இன்னார் என்று ஐயமின்றிக் காட்டுகின்றன. துணி வாணிகரும் தானிய வாணிகரும் புலவராய் விளங்கினர் என்பது நம் அங்கத்தினர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியுமாம். ஆனால் இளவேட்டனாரின் பெயரர் வேறு தொழில் செய்திருந்தால் 'அறுவை வாணிகன்' என்று அழைக்கப்பட்டிருக்க மாட்டார். நம் அடையாளம் உயிரோடிருப்பவரின் தொழிலைச் சொன்னது; அவரோடு முடிந்தது.

குடி வழியாக இறங்கும் பெயர்களும் நம்மிடம் இல்லாமல் இல்லை. கொங்கு வேளாளரிடையே ஆந்தை, காடை, கீரன், பயிரன், தூரன் எனக் கூட்டப் பெயர்கள் உண்டு. தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியராக விளங்கிய பெரியசாமித் தூரன் (1908–1987) தம் கூட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து வழங்கினார். சாதிப் பட்டங்களும் நெடுங்காலம் பெயரின் பின்னே ஒட்டி நின்றன. 1929இல் செங்கல்பட்டில் நடைபெற்ற சுயமரியாதை மாநாடு அவற்றைக் கைவிடுமாறு தீர்மானித்தது. பின்னர் தமிழ்நாட்டில் அவ்வழக்கம் பெரிதும் மறைந்தது. தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும் என்னும் எளிய முறையே பொதுவாயிற்று. ஒருவருடைய பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அவருடைய சாதியோ குலத்தொழிலோ தெரியாதிருப்பது நமக்கு ஒரு பெரும் பேறு. இதனை இழத்தல் தகாது.

எழுதுகிறவர் கை

வால்பாறைக்கே மீண்டும் வருவோம். மார்ஷ் துரைக்குச் சிலை இருக்கிறது. காட்டை வெட்டி, மட்டம் பிடித்து, நாற்று நட்டு, அட்டைக்கும் காய்ச்சலுக்கும் உடலைக் கொடுத்தவர் ஆயிரக்கணக்கானோர். சமவெளி ஊர்களிலிருந்து முன்பணம் கொடுத்து அழைத்துவரப்பட்டவர்கள் அவர்கள். அங்கே தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969இல் 'ரெட் டீ' என்னும் நாவலை ஆங்கிலத்தில் எழுதி அவர்கள் பட்ட பாட்டைப் பதிவு செய்தார். 'எரியும் பனிக்காடு' என்னும் தலைப்பில் அது தமிழிலும் வந்துள்ளது. அம்மருத்துவர் எழுதியிராவிட்டால் அவர்களுக்கு எஞ்சியிருப்பது தோட்டத்து ஆட்கணக்கு ஏட்டில் எழுத்தர் எழுதிய பெயர் ஒன்றே.

பெயருக்கும் கூலிக்கும் உள்ள பிணைப்பை இலங்கை மலையகத்தார் தம் பேச்சிலேயே வைத்திருக்கின்றனர். அங்கே 'பேர்' என்றால் ஒரு நாட்கூலி. ஏட்டில் பெயர் விழுந்தால்தான் கூலி. குறித்த அளவு கொழுந்து பறிக்கவில்லையெனில் 'அரைப்பேர்'. அதாவது ஒரு பெண் நாள் முழுவதும் மலைச்சரிவில் நின்றுவிட்டு, மாலையில் பாதிப் பெயருடன் லயத்திற்குத் திரும்புவாள்! 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தப்படி அங்கிருந்து தாயகம் திரும்பியோர்க்காகத் தமிழ்நாடு அரசு நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. அச்சொல்லின் கனத்தை அறிந்தவர்கள் அவ்வாறு நம் மலைக்கும் வந்து சேர்ந்தனர்.

இங்கிலாந்தில் வரிப் பட்டியல் எழுதியவன் பள்ளக்காட்டானை மார்ஷ் ஆக்கினான். தோட்டத்து எழுத்தர் ஒரு மனிதரைக் கூலிக் கணக்கில் ஒரு பேர் ஆக்கினார். இன்று நம்முடைய பெயர்களை எழுதுவது யார்? பெரும்பாலும் கணிப்பொறியில் உள்ள ஒரு படிவம். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் 'குடும்பப்பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நம்மவர்க்குக் குடும்பப்பெயர் ஏது? ஆகவே தந்தை பெயரை அதில் இடுகின்றனர். பழனிச்சாமியின் மகன் குமார் வெளிநாடு சென்றதும் 'மிஸ்டர் பழனிச்சாமி' என்று தந்தை பெயராலேயே அழைக்கப்படுகிறான். அவன் மகனுக்கும் அப்பெயர் இறங்கிவிட்டால், ஜானின் மகன் ஜான்சன் ஆன கதை நம் கண்முன்னே மீண்டும் நடைபெறும். அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே நிகழ்ந்தது இன்று இங்கே நிகழ்கிறது.

இது வேடிக்கைக் கதையன்று. ஒரு நெசவாளர் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு 'ப. இராமசாமி' என்னும் பெயரில் சங்கத்தில் பங்குத்தொகை கட்டினார் என்று வைத்துக்கொள்வோம். ஆதார் அட்டையில் 'ராமசாமி பழனிச்சாமி' என்றும், வங்கிக் கணக்கில் 'பி. ராமசுவாமி' என்றும், நிலப் பட்டாவில் 'இராமசாமிக் கவுண்டர்' என்றும் இருக்கின்றன. நால்வரும் ஒருவரே என்பதை ஊர் அறியும், கணிப்பொறி அறியாது. கூலித்தொகை வங்கியில் ஏறுவதிலும், சிக்கனச் சேமிப்பைத் திரும்பப் பெறுவதிலும், அவர் மறைந்தபின் பங்குத்தொகை மனைவிக்கு வருவதிலும் தடை நேரும். உழைத்தவர் ஒருவர், அவர் உழைப்பு நான்கு பெயர்களில் சிதறிக் கிடக்கும்.

நாம் செய்யத் தக்கவை

நல்வேளையாக ஒரு பதிவேட்டின் மீது நமக்கு முழு உரிமை உண்டு. அதுவே சங்கத்தின் அங்கத்தினர் பதிவேடு. அது அயலான் எழுதிய வரிப் பட்டியல் அன்று. நாமே வைத்துக்கொண்ட ஏடு. ஆகவே ஒவ்வோர் அங்கத்தினரும் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

முதலாவது, பதிவேட்டிலும் பங்குப் பத்திரத்திலும் தம் பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதை நேரில் பார்த்தல் வேண்டும். ஆதார் அட்டையுடனும் வங்கிப் புத்தகத்துடனும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். 'ச்' என்னும் ஒற்று ஒன்று மிகுந்தாலும் குறைந்தாலும் செயலாளரிடம் எழுத்து மூலம் தெரிவித்துத் திருத்திக்கொள்வது நன்று. பெயரையே மாற்ற வேண்டியவர்கள் தமிழ்நாடு அரசிதழில் முறைப்படி வெளியிட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, முதலெழுத்தைத் தமிழிலேயே எழுதுதல். தமிழில் பெயரும் ஆங்கிலத்தில் முதலெழுத்துமாக எழுதுவதால் 'ப' என்பது எந்த ஆங்கில எழுத்து என்னும் குழப்பம் நேர்கிறது. பெயரோடு முதலெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. சங்கப் பதிவேட்டில் இதனைப் பின்பற்றி, தந்தை அல்லது கணவர் பெயரைத் தனிக் கட்டத்தில் முழுமையாக எழுதினால் ஐயத்திற்கு இடமில்லை.

மூன்றாவது, நியமனதாரர் பெயர். தமக்குப் பின் பங்குத்தொகையும் சேமிப்பும் யாரைச் சேர வேண்டும் என்பதை எழுதி வைக்காத அங்கத்தினர் பலர் இருக்கக்கூடும். முன்பு எழுதிய நியமனதாரர் மறைந்திருந்தால் புதிய பெயரைச் சேர்க்க மறத்தல் கூடாது.

நான்காவது, பெண்கள் பெயர். வெப்ஸ்டரின் கதையை மறவாதிருப்போம். கணவர் பெயரில் அங்கத்தினர் உரிமை இருக்க, தறியில் உடன் உழைக்கும் மனைவியின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லாத குடும்பங்கள் உண்டு. திருமணத்திற்கு முன் தந்தையின் முதலெழுத்து, பின் கணவனின் முதலெழுத்து என மாறுவதால் ஆவணக் குழப்பமும் அவர்களுக்கே மிகுதி. விதிகளின்படி தகுதியுடைய பெண்களைத் தனி அங்கத்தினராகச் சேர்த்து, அவர்கள் பெயரை ஒரே சீராக எழுதுவது நிர்வாகக் குழுவினரின் கடமை.

பெயருக்கு மதிப்பளிக்கும் வழியொன்றை நம் இயக்கமே காட்டியுள்ளது. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் 2010களில் தன் பட்டுப்புடவைகளோடு, அதனை நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையை இணைத்து விற்றது. வாங்குகின்றவர் புடவையை விரிக்கும்போது நெய்தவரின் முகத்தையும் காண்கிறார். அவ்வட்டையில் இருப்பது அறுநூறு ஆண்டுகளுக்கு முன் உறைந்த பாட்டனாரின் தொழிற்பெயர் அன்று. இன்று தறியில் அமர்ந்திருப்பவரின் சொந்தப் பெயர்.

அடுத்த முறை நாற்பது வளைவுகளைக் கடந்து வால்பாறைக்குச் செல்லும் அங்கத்தினர், கவர்க்கல் அருகே அச்சிலையைக் காணும்போது, 'பள்ளக்காட்டார்' என்று மனத்துள் சொல்லிக்கொள்ளலாம். சுற்றிலும் விரிந்து கிடக்கும் தேயிலைப் பச்சையை ஒருவர் மட்டும் உண்டாக்கவில்லை என்பதையும் நினைக்கலாம். சிலையில் ஒரு பெயருக்கே இடமுண்டு. சங்கத்தின் பதிவேட்டிலோ அனைவர் பெயருக்கும் இடமுண்டு. ஆண்டுப் பொதுக்குழுவிற்கு வரும் நாளில் அரைமணி நேரம் முன்னதாகவே வாருங்கள். பதிவேட்டைக் கேட்டு வாங்கி, உங்கள் பெயர் உள்ள பக்கத்தைத் திருப்பி, அது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அருகில் இல்லத்தரசியின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.